வண்டி வராத நாள்

போன் அடித்தது.

மாலை நான்கு முப்பத்தைந்து.

ஏட்டு எடுத்தார். இரண்டு விநாடி கேட்டார். ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர் மேசையில் இருந்த எஸ்.ஐ.யைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம்... கம்ப்ளெய்ண்ட் அக்கா."

எஸ்.ஐ. நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க ஏட்டையா."

கம்ப்ளெய்ண்ட் அக்கா என்பது ஸ்டேஷன் வைத்த பெயர். பூங்காவுக்குப் பின்னால் உள்ள தெருவில், ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். அறுபதைத் தொட்டவர். தனி ஆள். ஐந்து மாதத்தில் அறுபத்திரண்டு முறை போலீஸ் வண்டியைத் தெருவுக்கு வரவழைத்திருக்கிறார். ஒரு தடவை பாம்பு. ஒரு தடவை கேஸ் வாசனை. ஒரு தடவை நம்பர் பிளேட் இல்லாத ஸ்கூட்டர். வண்டி போய் நின்றால் பாம்பும் இருக்காது, ஸ்கூட்டரும் இருக்காது. அக்கா மட்டும் ஜன்னலில் இருப்பார்.

"சொல்லுங்கக்கா," என்றார் ஏட்டு.

"வண்டியக் கொஞ்சம் அனுப்புங்க தம்பி. சீக்கிரம்." குரலில் மூச்சு வாங்கியது. "இன்னிக்கு முன்னாடியே வந்துட்டான்..."

"யாருக்கா?"

பதில் வரச் சற்று நேரம் ஆனது.

"நாய் தம்பி. வெறி புடிச்ச நாய். வண்டி வந்து நின்னா ஓடிடும். ஹாரன் அடிச்சாக்கூடப் போதும்."

ஏட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"போகாது. போன வாரமே சொல்லிட்டேன். தெருக் கமிட்டியே நம்மகிட்ட மனு குடுத்திருக்கு. தினம் போலீஸ் வண்டி வந்து நின்னா தெருவுக்குக் கெட்ட பேருன்னு."

ஏட்டு ரிசீவரிடம் குனிந்தார்.

"அக்கா, நாய் புடிக்கிற ஆபீஸ் நம்பர் தரட்டுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள..."

பேச்சு பாதியில் நின்றது. பின்னால் எங்கோ ஏதோ விழுந்து உருளும் சத்தம்.

"சரி தம்பி. நானே பாத்துக்கறேன்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

ஏட்டு பொய்ப் புகார்ப் பதிவேட்டை இழுத்து, அறுபத்து மூன்று என்று எண் போட்டார்.

"ஒரு வாரம் மூணு மணிக்கு அடிப்பாங்க. மறு வாரம் ஆறு மணிக்கு அடிப்பாங்க. அக்காவுக்கும் ஷிப்ட் போடுறாங்க போல மேடம். இன்னிக்கு நாலரைக்கே வந்துட்டாங்க. ஓவர்டைம்."

எஸ்.ஐ. சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவள் ஆயுசு முழுக்க மறக்கப் போவதில்லை.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மறுபடியும் போன் அடித்தது.

இந்த முறை வேறு குரல். அழுகிற குரல்.

"தைக்கக் குடுத்த ப்ளவுஸ வாங்க வந்தேங்க... கதவு தெறந்திருக்கு... அக்கா கீழ கெடக்காங்க..."

*

தையற்கார அக்கா மெஷினின் இரும்புக் காலடியில் ஒருக்களித்துக் கிடந்தார்.

கழுத்தில் அளவு டேப். நெற்றியில் பிளவு. இரும்பில் ரத்தம். ஊசியின் கீழே பாதி தைத்த ஒரு ப்ளவுஸ் கை, அப்படியே. அலமாரி திறந்திருந்தது. துணிகள் தரையில் சிதறிக் கிடந்தன.

எஸ்.ஐ. மண்டியிட்டாள். மணிக்கட்டைத் தொட்டாள். குளிர ஆரம்பித்திருந்தது.

ஏட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. எஸ்.ஐ.யின் முகத்தையும் பார்க்கவில்லை.

"மேடம், யாரும் எதையும் தொடாமப் பாத்துக்கிட்டேன்."

பின்னாலிருந்து கனமான, நிதானமான குரல். தெருப் பாதுகாப்புக் குழுவின் செக்ரட்டரி. நாற்பத்தைந்து வயது. இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை. பாக்கெட்டில் இரண்டு போன். பக்கத்து வீடு அவருடையதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறு மணிக்கு மேல மேடம். ஷிப்ட் முடிஞ்சு வந்தா வாசல்ல கூட்டம். உடனே கயிறு கட்டி எல்லாரையும் அந்தப் பக்கம் நிறுத்திட்டேன்."

"வீட்ல வேற யாரு?"

"என் ஒய்ஃப் மட்டும்தான். டிவி போட்டிருந்திருக்கா. ஒண்ணும் கேக்கலையாம்."

"கேமரா?"

"தெருவுல மூணு இருக்கு மேடம். நான்தான் முன்ன நின்னு போட்டேன்." வருத்தத்துடன் தலையைக் கவிழ்த்தார். "இந்த வாசலப் பாக்கிற கேமரா மட்டும் ரெண்டு நாளா ரிப்பேர். ஆனா தெரு முனையில ஒருத்தன் மாட்டியிருக்கான்."

போனை நீட்டினார். படத்தில் முதுகுப் பையுடன் ஒரு பார்சல் டெலிவரிக்காரன். நேரம் நான்கு பதினெட்டு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றது. அத்தனை முகத்திலும் ஒரே பயம்.

"பட்டப்பகல்ல இப்படின்னா, இனிமே பிள்ளைங்கள எப்படி வெளிய விடறது?" என்றாள் ஒருத்தி.

"பாவம், புலம்பிக்கிட்டே இருக்கும். ஆனா நல்ல மனுஷி," என்றார் ஒருவர்.

"கேட்டுக்கு இன்னொரு பூட்டு போடணும் சார்," என்றார் இன்னொருவர், செக்ரட்டரியிடம்.

செக்ரட்டரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"போடலாம். நான் இருக்கேன்ல."

*

டெலிவரிக்காரனை அன்று மாலையே பிடித்தார்கள். போலீஸ் பிடிக்கவில்லை. அடுத்த தெருவில் பார்சலோடு நின்றவனைத் தெரு ஆட்களே பிடித்துக் கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"யாரு அடிச்சா?"

"செக்ரட்டரி சார்னு கூப்ட்டாங்க மேடம். அவரு."

"அந்த வீட்டுக்குப் போனியா?"

"போனேன். நூல்கண்டுப் பார்சல். நாலு இருபத்தஞ்சுக்குக் கையெழுத்து வாங்கினேன். பாருங்க, மெஷின்ல இருக்கு. அதுக்கப்புறம் பதினாலு வீடு."

கைக்கடக்கமான ஸ்கேனர் மெஷினை நீட்டினான். பதினான்கு வீடும், நேரமும், கையெழுத்தும் இருந்தன. அக்கா இறந்ததாக மருத்துவர் சொன்ன நேரம் ஐந்து மணி. ஐந்து மணிக்கு இவன் நான்கு தெரு தள்ளி, ஒரு பல் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

யோசித்தான்.

"நான் பேசப் போனேன். 'ஒரு நிமிஷம் பேசாதேப்பா'ன்னாங்க. காதைச் செவுத்துல வச்சிட்டே கையெழுத்துப் போட்டாங்க மேடம். எழுத்துகூடக் கோணலா இருக்கு."

"எந்தச் செவுரு?"

"மெஷினுக்குப் பின்னாடி இருக்கற செவுரு."

எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தாள்.

"இவர விடுங்க ஏட்டையா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி உதட்டுக்கு மருந்து போட்டு விடுங்க."

*

பத்து நாள் முன்பு எஸ்.ஐ. அந்த அக்காவை ஸ்டேஷனுக்கு வரவழைத்திருந்தாள்.

கொலைக்கு மறுநாள் காலை, அவர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு முழுக்கத் திரும்பி வந்தது.

"பொய்ப் புகார் குடுத்தா கேஸ் போடலாம். தெரியுமாம்மா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்?"

"வண்டி வந்து நின்னா தெரு அடங்குதும்மா."

"யாரு அடங்குறாங்க?"

அக்கா வாய் திறந்தார். கதவுப் பக்கம் பார்த்தார். வெளி பெஞ்சில் செக்ரட்டரி, மனுவோடு கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார்.

அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"பூனை, ஓணான்... எல்லாந்தான். நீங்க இறங்கக்கூட வேண்டாம்மா. வண்டி மட்டும் வந்து நிக்கட்டும். அஞ்சு நிமிஷம்."

"இனிமே வண்டி வராதும்மா. வீட்டுக்குப் போங்க."

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். செக்ரட்டரியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்.ஐ. மேசையில் இப்போதும் அந்த மனு இருந்தது. அதோடு ஒரு கட்டுப் படிவம். ஸ்டேஷன் சார்பில் எல்லாத் தெருவுக்கும் கொடுத்தது. ஒரே கேள்வி. 'உங்கள் தெருவில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? பத்துக்கு எத்தனை?'

அந்தத் தெருவில் முப்பத்தெட்டு வீடு. செக்ரட்டரி வீடு வீடாக வாங்கிக் கொண்டுவந்தது முப்பத்தேழு. எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது. செக்ரட்டரியின் வீடு... பத்து.

"ஒண்ணு கொறையுதே ஏட்டையா."

"சிலபேரு நேரா நம்ம வாசல் பெட்டியில போடுவாங்க மேடம்."

"பெட்டியத் தெறந்தீங்களா?"

ஏட்டு தலையைச் சொறிந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நான்காக மடித்த தாளோடு வந்தார். தையல் சாக்பீஸ் தூள் ஒட்டிய தாள். உருண்டை உருண்டையான எழுத்து.

'வண்டி வர்ற நாள் பத்து. வராத நாள் சைபர். என் வீட்டுக்கு இல்ல.'

எஸ்.ஐ. அதை மூன்று முறை படித்தாள்.

"என் வீட்டுக்கு இல்ல... அப்ப யாரு வீட்டுக்கு?"

அவள் எழுந்துவிட்டாள்.

*

தையற்கார அக்காவின் வீட்டில் அலமாரியைத் தவிர வேறு எதுவும் கலையவில்லை.

"திருட வந்தவன் மெஷின் டிராயரத் தொடலையே," என்றாள் எஸ்.ஐ. "சில்லறை வச்சிருக்கற எடம்னு யாருக்கும் தெரியுமே."

"அவசரத்துல விட்ருப்பான்."

"இல்ல ஏட்டையா. திருட்டுன்னு காட்டறதுக்கு ஒரு அலமாரி போதும்னு விட்ருக்கான்."

டிராயரில் பாபின், கொக்கி, பட்டன். அடியில் நீளமான அளவு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர். 'கண்ணாடிக்கார டீச்சர்.' 'மருந்துக் கடைப் பொண்ணு.' 'பூங்கா வாட்ச்மேன் சம்சாரம்.' யாரும் பெயரில் இல்லை. எல்லாருக்கும் மார்பு, இடுப்பு, கழுத்து, கை என்று நான்கு அளவு.

ஒரு பக்கத்தின் தலைப்பு, 'பக்கத்து வீட்டுப் பாப்பா.'

எஸ்.ஐ.யின் விரல் அந்தப் பக்கத்தில் நின்றது.

கை 6. அடித்திருந்தது.

கை 9. அடித்திருந்தது.

கை 11. அடித்திருந்தது.

கை 18, முழுக்கை. கழுத்து மூடினது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. சின்ன எழுத்தில் குறிப்பு. 'இடது கை தூக்க முடியல. அளவு எடுக்கல.' 'முதுகு அளவு வேண்டாம்னுச்சு. நான் பாத்துட்டேன்.' 'சிரிச்சுகிட்டே அழுவுது.'



ஏட்டு மெதுவாக நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு பட்டியல்.

'பாம்பு - சொல்லியாச்சு. கேஸ் வாசனை - சொல்லியாச்சு. ஸ்கூட்டர் - சொல்லியாச்சு. மதில் மேல ஆள் - ரெண்டு தடவ சொல்லியாச்சு, இனிமே நம்ப மாட்டாங்க. மிச்சம் இருக்கறது: வெறிநாய், அறுந்த கரண்ட் கம்பி, யாரோ விட்டுட்டுப் போன பை.'

ஏட்டுக்கு முப்பது வருட சர்வீஸ். எத்தனையோ பிணம் பார்த்த மனிதர். மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஷிப்ட்னு ஜோக் அடிச்சேன் மேடம்."

"ஷிப்ட்தான் ஏட்டையா. அக்காவுக்கு இல்ல."

எஸ்.ஐ. போனை எடுத்தாள். செக்ரட்டரி வேலை செய்யும் அட்டைப் பெட்டித் தொழிற்சாலையின் கேட் ஆபீஸ். இரண்டு கேள்வி. இரண்டு பதில்.

முதல் ஷிப்ட் வாரம், மூன்று மணிக்கு வீடு. பொது ஷிப்ட் வாரம், ஆறு மணிக்கு வீடு.

நேற்று, தலைவலி என்று பெர்மிஷன் போட்டுவிட்டு மூன்று ஐம்பதுக்கே கேட்டைத் தாண்டியிருக்கிறார்.

*

பூங்காவில் அவசரக் கூட்டம். மைக்கில் செக்ரட்டரியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

அவர் வீட்டுக் கதவை எஸ்.ஐ. தட்டினாள்.

மனைவி திறந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயில் கொளுத்துகிற காலையில் மணிக்கட்டு வரை முழுக்கை. கழுத்து மூடிய தையல். நேர்த்தியான தையல்.

"அவர் கூட்டத்துல இருக்காருங்க."

"உங்களத்தான் பாக்க வந்தேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. டிவி சத்தத்துல..."

"நான் எதுவும் கேக்கல. இதப் படிங்க, போதும்."

எஸ்.ஐ. ஒரு தாளை நீட்டினாள். அறுபத்து மூன்று தேதி. எதிரே நேரம். வேறு எதுவும் இல்லை.

"என்னங்க இது?"

"பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்குப் போன் பண்ணின நாளுங்க. பாம்பு, பூனைன்னு பொய் சொல்லி வண்டியக் கூப்ட்ட நாளுங்க. கடைசி நாளு மட்டும் நாங்க வரல."

அவள் அசிரத்தையாகத்தான் படிக்க ஆரம்பித்தாள். நான்காவது வரியில் நிறுத்தினாள். விரலை வைத்துத் தடவினாள்.

"இது... எங்க கல்யாண நாள்."

எஸ்.ஐ. அந்தத் தேதியைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்குத் தட்ட வீசினாரு. பெல்ட்ட கழட்டினாரு. வெளிய போலீஸ் வண்டி வந்து நின்னுச்சு. ஜன்னல் வழியாப் பாத்தாரு. பெல்ட்டத் திரும்பப் போட்டுக்கிட்டு, டிவி பாக்க உக்காந்துட்டாரு."

விரல் கீழே இறங்கியது.

"இது என் பொறந்த நாள். இது சாம்பார்ல உப்பு கூடினப்போ... இது எங்கூடப் பொறந்த அக்கா எனக்குப் போன் பண்ணினதுக்கு..." தாளை முழுதாக விரித்துப் பிடித்தாள். "இந்த லிஸ்ட்ல இருக்கறதெல்லாம்... அவர் என்ன அடிக்காத நாளுங்க."

"தெரியுமா உங்களுக்கு? அவங்கதான் கூப்புடறாங்கன்னு?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"கடவுள் அனுப்புறாருன்னு நெனச்சேங்க."

வெளியே மைக் சொன்னது: "...நம்ம வீட்டுப் பெண்கள் பயமில்லாம இருக்கணும்னா..."

அவள் உடம்பு குலுங்கியது. சத்தமே வரவில்லை. சத்தம் வராமல் அழுவது அவளுக்குப் பழகியிருந்தது.

"அந்தக்கா ஏன் நேரா எங்ககிட்ட சொல்லல?" எஸ்.ஐ. கேட்டாள்.

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். அஞ்சு மாசம் முன்னாடி யாரோ போன் பண்ணி, ஒரு போலீஸ்காரர் எங்க வாசலுக்கே வந்தாரு. நான் வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். இவர் அவருக்குக் காபி குடுத்து அனுப்பினாரு. கதவச் சாத்தினதும் என் கைய ஒடிச்சாரு. மறு வாரம் அளவு குடுக்கப் போனப்போ அக்காகிட்ட சொன்னேன். இன்னொரு தடவ போலீஸ் எங்க வாசப்படி மிதிச்சா, நான் உயிரோட இருக்க மாட்டேன்னு. அக்கா ஒண்ணும் சொல்லல. டேப்ப மடிச்சு வச்சாங்க. 'வாசப்படிதானே மிதிக்கக் கூடாது'ன்னாங்க. அவ்வளவுதான்."

எஸ்.ஐ. சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மெஷின் இருக்கிற சுவர்.

"நேத்து?"

"நேத்து சீக்கிரம் வந்துட்டாரு. வந்ததுமே ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்னுச்சு. வண்டி வரும் வரும்னு பாத்துட்டே இருந்தேன். வரல."

"அப்புறம்?"

"கதவத் தட்டினாங்க. அக்கா. 'பாப்பாவோட கை அளவு ஒண்ணு தப்பாயிடுச்சு, அனுப்புங்க'ன்னாங்க. இவர் அப்புறம் வான்னாரு. அவங்க போகல. வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. 'பரவால்ல, நான் இங்கயே இருக்கேன்'னாங்க. அப்பத்தான் இவருக்குப் புரிஞ்சுது. 'தினம் வண்டியக் கூப்புடறது இதுக்குத்தானா'ன்னு கேட்டாரு. அவங்க, 'ஆமாம்'னாங்க."

"ஆமாம்னா சொன்னாங்க?"

"பயப்படவே இல்லங்க. இவர் அவங்க தோளப் புடிச்சுத் தூக்கி, அவங்க வீட்டுக்குள்ள தள்ளிட்டுப் போனாரு. நான் செவுத்துப் பக்கம் நின்னேன். ஒரு சத்தம் கேட்டுது. ஒரே சத்தம். அப்புறம் அலமாரி தெறக்கற சத்தம். பின்பக்கமா வந்து சட்டைய மாத்திக்கிட்டு, பின்பக்கமாவே போயிட்டாரு. ஆறு மணிக்குத் தெரு வழியா வேலையிலேருந்து வர்ற மாதிரி வந்தாரு."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காக அவங்க கதவத் தட்டினாங்க. அவங்களுக்காக நான் எங்க கதவத் தெறக்கல."

எஸ்.ஐ. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யூனிஃபார்மோடு.

"நான் ஜீப் சாவியக் குடுக்கலம்மா. தப்புன்னா உனக்கு முன்னாடி நான்தான் நிக்கணும்."



பிறகு மனைவி முழுக்கையை மெதுவாகச் சுருட்டிவிட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அதற்கு மேல். எஸ்.ஐ. கண்ணை மூடாமல் பார்த்தாள்.

"எழுதிக்குங்க," என்றாள் அவள். "எல்லாத்தையும் சொல்றேன். எழுதி முடிச்சதும் நான் எங்க போறது?"

"உங்க கூடப் பொறந்த அக்கா வீட்டுக்கு. நான் கொண்டுபோய் விடறேன்."

*

பூங்காவில் அறுபது நாற்காலி. அறுபதும் நிறைந்திருந்தது.

எஸ்.ஐ. நடுவழியாக நடந்து மைக்குக்கு முன் போய் நின்றாள். ஏட்டு பின்னால்.

"பேசி முடிச்சிட்டீங்களா?"

"ஒரே நிமிஷம் மேடம். மதில் சுவர ஒசத்தறதப் பத்தி முடிவெடுத்துட்டிருக்கோம்."

"எவ்வளவு ஒசரம்?"

"எட்டடி. வெளி ஆளு எவனும் ஏற முடியாது."

"பிரயோசனம் இல்லையே. நீங்கதான் ஏற்கெனவே உள்ள இருக்கீங்களே."

சிலர் சிரிக்க ஆரம்பித்து, எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"புரியல மேடம்."

"நேத்து மூணு அம்பதுக்குத் தொழிற்சாலைக் கேட்டத் தாண்டின ஆளு, ஆறு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"தலைவலி... மருந்துக் கடைக்கு..."

"உங்க சட்டை, பின்பக்கம் வாஷிங் மெஷின்ல ஊறிக்கிட்டு இருந்துது. உங்க சம்சாரம் எடுத்துக் குடுத்தாங்க."

மைக் அணைக்கப்படவில்லை. தெரு முழுக்கக் கேட்டது.

அவன் முகத்திலிருந்து செக்ரட்டரி இறங்கிப் போனான். மிச்சம் இருந்தவன் பல்லைக் கடித்தான்.

"என் வீட்டு விஷயத்துல அந்தக் கிழவிக்கு என்ன வேலை?"

"பக்கத்து வீட்டுல இருந்தாங்க. அதுதான் வேலை," என்றார் ஏட்டு. விலங்கை மாட்டினார். வழக்கத்தைவிட ஒரு பல் இறுக்கமாக.

கூட்டம் வழிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செக்ரட்டரி வீட்டுக்கு மறுபக்கச் சுவர்காரர் மட்டும் முணுமுணுத்தார்.

"எங்களுக்கும் கேக்கும் மேடம். அப்பப்ப. டிவின்னு நெனச்சுக்குவோம்."

"நெனச்சீங்களா... நெனச்சுக்கிட்டீங்களா?"



*

மாலையில் இன்ஸ்பெக்டர் ஃபைலைப் படித்து முடித்தார். கண்டிப்பானவர். ஆனால் நியாயமானவர்.

"இருபத்து நாலு மணி நேரத்துல முடிச்சிருக்க. வாக்குமூலம், சட்டை, கேட் ரெஜிஸ்டர், எல்லாம் கச்சிதம். ரிவார்டுக்கு எழுதவா?"

"வேண்டாம் சார்."

"ஒரே ஒரு சிக்கல். கோர்ட்ல அவன் வக்கீல் இதத்தான் புடிப்பான். செத்துப்போனவங்க அறுபத்து மூணு பொய்ப் புகார் குடுத்தவங்க, நம்ம ரெஜிஸ்டரே சொல்லுதும்பான். என்ன பதில் சொல்லப் போற?"

எஸ்.ஐ. அந்தப் பதிவேட்டை அவர் முன் வைத்தாள். அதன் மேல் இன்னொரு பதிவேட்டை வைத்தாள். விசாரித்து முடித்த புகார்களின் பதிவேடு. ஐந்து மாதம் முந்தைய ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

"மத்தியானம்தான் தேடி எடுத்தேன் சார். அந்தக்கா குடுத்த முதல் புகார். பேர் சொல்லல, ஆனா போன் நம்பர் அவங்களோடது. பக்கத்து வீட்டுல ஒரு பொண்ண அடிக்கிறாங்கன்னு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

'கான்ஸ்டபிள் நேரில் விசாரித்தார். அந்தப் பெண் தானே வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார். குடும்ப விஷயம். வீட்டில் அபாயம் ஏதும் இல்லை. புகார் முடிக்கப்பட்டது.'

"எந்தக் கான்ஸ்டபிள்?"

"மாத்தலாகிப் போயிட்டாரு சார். ஆனா எழுதி முடிச்சது அவர் இல்ல."

அவர் பக்கத்தின் அடிக்கு வந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நாப்பது பேப்பர் இருந்துது சார். நாப்பதுலயும் போட்டேன். இது ஞாபகம்கூட இல்ல."

"இப்ப கோர்ட்ல என்னதான் சொல்லப் போற?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நம்ம ஆளுங்க ரெஜிஸ்டர மாத்தி வச்சிட்டாங்கன்னு சொல்றேன் சார். பொய்ப் புகார் நோட்டுல இருக்கற அறுபத்து மூணும் சத்தியம். விசாரிச்சு முடிச்ச நோட்டுலதான் ஒரு பொய் இருக்கு... கீழ என் கையெழுத்தோட."